மலையில் ஒரே வரிசை

திருப்பதி மலைக்குப் போயிருக்கிறீர்களா?

போயிருந்தால் கல்யாணகட்டையைப் பார்த்திருப்பீர்கள். அங்கேதான் மொட்டை போடுகிறார்கள். வரிசையாக மக்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பத்து ஏக்கர் நிலம் உள்ளவர். அவர் பக்கத்தில் இருப்பவர் கூலி வேலை செய்பவர். ஒருவர் வங்கியில் வேலை பார்ப்பவர். இன்னொருவர் செங்கல் சூளையில் கல் அறுப்பவர். கத்தி எல்லோர் தலையிலும் ஒரே மாதிரிதான் ஓடுகிறது. குளித்துவிட்டுத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வெளியே வந்தால், யார் பணக்காரர், யார் ஏழை, யார் என்ன சாதி என்று சொல்ல முடியாது.

பிறகு சாமி பார்க்க வரிசையில் நிற்கிறோம். காசு கொடுப்பவர்களுக்குத் தனி வரிசை உண்டு. ஆனால் சாதிக்கு என்று தனி வரிசை இல்லை. சாப்பாட்டுக் கூடத்திலும் அப்படித்தான். யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

சாமி கும்பிட்டு ஊருக்குத் திரும்புகிறோம். ஊரில் என்ன நடக்கிறது? ஊர்த்தெரு ஒரு பக்கம். காலனி இன்னொரு பக்கம். சில ஊர்களில் தேர் ஊர்த்தெருவில் மட்டும் சுற்றுகிறது. காலனிக்குள் வருவதில்லை. சில ஊர்களில் ஒரு சாரார் கோவில் வாசலோடு நின்றுவிட வேண்டும்.

மலையில் ஒரே வரிசை. ஊரில் மட்டும் ஏன் இரண்டு தெரு? இரண்டு இடத்திலும் சாமி ஒன்றுதானே?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டும் என்றால், இந்து சமயம் என்ன சொல்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்து சமயம் என்றால் என்ன?

'இந்து' என்ற சொல் சிந்து ஆற்றின் பெயரிலிருந்து வந்தது. சிந்து ஆற்றுக்கு இந்தப் பக்கம் வாழ்ந்த மக்களை வெளிநாட்டார் அப்படி அழைத்தார்கள். பிறகு அது சமயத்தின் பெயர் ஆனது.

புத்த சமயத்தைத் தொடங்கியவர் புத்தர். இந்து சமயத்துக்கு அப்படித் தொடங்கியவர் என்று ஒருவர் இல்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரே நூலும் இல்லை. வேதங்கள், உபநிடதங்கள், கீதை, இராமாயணம், பாரதம், புராணங்கள் என்று பல நூல்கள் உண்டு. தமிழில் தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் உண்டு. ஒரு நூலையும் படிக்காமல் வேப்ப மரத்தடியில் அம்மனுக்குப் பொங்கல் வைப்பவரும் இந்துதான்.

திருப்பதியைச் சுற்றிப் பார்த்தாலே இது விளங்கும். மலை மேலே வேங்கடாசலபதி இருக்கிறார். அவர் திருமால். திருமாலைக் கும்பிடுபவர்கள் வைணவர்கள். சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் திருக்காளத்தி இருக்கிறது. ஸ்ரீகாளஹஸ்தி என்றும் சொல்கிறோம். அங்கே இருப்பவர் சிவன். சிவனைக் கும்பிடுபவர்கள் சைவர்கள். திருப்பதி ஊருக்குள்ளேயே கங்கம்மா கோவில் இருக்கிறது. அவள் சக்தி, ஊரைக் காக்கும் தாய். சித்தூரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் போனால் காணிப்பாக்கம். அங்கே கிணற்றில் தோன்றிய பிள்ளையார் இருக்கிறார். நம் வீடுகளில் ஒரே குடும்பம் இந்த நான்கு கோவிலுக்கும் போய் வருகிறது. பெயர் பல, உருவம் பல, கடவுள் ஒன்றே என்பதுதான் அதற்குக் காரணம்.

அடிப்படை நம்பிக்கைகள்

இந்துக்களிடம் பல பிரிவுகள் உண்டு. ஆனாலும் சில நம்பிக்கைகள் பெரும்பாலும் பொதுவானவை.

முதல் நம்பிக்கை: கடவுள் எங்கும் இருக்கிறார். எல்லா உயிரிலும் இருக்கிறார்.

இரண்டாவது: உடல் அழியும். உயிர் அழியாது. உயிரை ஆத்மா என்றும் சொல்வார்கள்.

மூன்றாவது: வினை. இதைக் கர்மம் என்றும் சொல்கிறோம். நல்லது செய்தால் நல்லது வரும். கெட்டது செய்தால் கெட்டது வரும். வேம்பு விதைத்தால் மா காய்க்காது.

நான்காவது: மறுபிறவி. வினையின் பயனை அனுபவிக்க உயிர் மீண்டும் மீண்டும் பிறக்கிறது.

ஐந்தாவது: அறம். இதைத் தர்மம் என்கிறோம். பிச்சை போடுவதை மட்டும் தர்மம் என்று நினைக்கக் கூடாது. உண்மை பேசுவது, பிறரை வருத்தாமல் இருப்பது, தன் கடமையைச் செய்வது எல்லாம் தர்மம். காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்யும் வழக்கம் இருக்கிறது. அங்கே பொய்ச் சத்தியம் செய்ய மக்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு அடியில் இருப்பது அறத்தின் மேல் உள்ள நம்பிக்கை.

ஆறாவது: வீடு. வீடு என்றால் விடுதலை. பிறந்து பிறந்து சாகும் சுழலிலிருந்து உயிர் விடுபடுவதை வீடு, முக்தி, மோட்சம் என்று சொல்வார்கள்.

அறம், பொருள், இன்பம், வீடு. மனிதன் அடைய வேண்டியவை இந்த நான்கும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். பணம் சம்பாதிப்பதும், குடும்பத்தோடு மகிழ்ச்சியாக இருப்பதும் பாவம் அல்ல. ஆனால் அவை அறத்தின் வழியில் வர வேண்டும்.

போகும் வழிகள்

அலிபிரியிலிருந்து மலைக்குப் படி ஏறலாம். ஸ்ரீவாரி மெட்டு வழியாகவும் படி ஏறலாம். பேருந்திலும் போகலாம். போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். கடவுளை அடையவும் அப்படிப் பல வழிகள் உண்டு.

ஒன்று, செயல் வழி. இதைக் கர்ம யோகம் என்பார்கள். பலனை எதிர்பார்க்காமல் நம் கடமையைச் செய்ய வேண்டும். பிறருக்குத் தொண்டு செய்ய வேண்டும். அனந்தாழ்வான் என்பவர் திருமலையில் பூந்தோட்டம் போட்டார். தண்ணீருக்காகக் குளம் வெட்டினார். மண்வெட்டி பிடித்ததே அவருடைய வழிபாடு.

இரண்டு, அறிவு வழி. இதை ஞான யோகம் என்பார்கள். நான் யார், உலகம் எது, கடவுள் எது என்று ஆராய்ந்து அறிவது இந்த வழி.

மூன்று, யோக வழி. மூச்சையும் மனத்தையும் அடக்கித் தியானம் செய்வது.

நான்கு, அன்பு வழி. இதுதான் பக்தி. பாடுவது, கும்பிடுவது, பெயரைச் சொல்லி அழைப்பது. 'கோவிந்தா, கோவிந்தா' என்று சொல்லிக்கொண்டே படி ஏறுகிறோமே, அதுவும் இந்த வழிதான். இதற்குப் படிப்பு தேவையில்லை. பணம் தேவையில்லை. 'நீயே கதி' என்று கடவுளிடம் தன்னை ஒப்படைப்பதை வைணவர்கள் சரணாகதி என்று சொல்கிறார்கள்.

சேர நாட்டு அரசர் குலசேகர ஆழ்வார் வேங்கட மலையில் ஒரு படியாகக் கிடக்க ஆசைப்பட்டார். அதனால் கருவறை வாசற்படிக்கு இன்றும் 'குலசேகரப் படி' என்று பெயர். அரசனாக இருப்பதைவிடப் படியாகக் கிடப்பது மேல் என்று அவர் நினைத்தார்.

சாதி எங்கிருந்து வந்தது?

எல்லா உயிரிலும் கடவுள் இருக்கிறார் என்று சொன்ன அதே சமுதாயத்தில்தான் மேல், கீழ் என்ற பிரிவும் வந்தது. அது எப்படி?

பழைய நூல்கள் மக்களை நான்கு வருணமாகப் பிரித்தன. பிராமணர்கள் வேதம் ஓத வேண்டும். சத்திரியர்கள் நாட்டைக் காக்க வேண்டும். வைசியர்கள் வாணிபமும் உழவும் செய்ய வேண்டும். சூத்திரர்கள் மற்றவர்களுக்கு வேலை செய்ய வேண்டும். குணத்தையும் செயலையும் வைத்தே இப்படிப் பிரித்ததாகக் கீதை சொல்கிறது. ஆனால் நடைமுறையில் பிறப்பை வைத்தே வருணம் முடிவானது. மனு சாத்திரம் போன்ற நூல்கள் அதைச் சட்டம் போல எழுதி வைத்தன.

இந்த நான்குக்குள்ளே நூற்றுக்கணக்கான சாதிகள் உண்டாயின. ஒரு சாதிக்கு ஒரு தொழில். தன் சாதிக்குள் மட்டும் கல்யாணம். தன் சாதியோடு மட்டும் சாப்பாடு. இந்த நான்கிலும் சேர்க்காமல் சில மக்களை ஊருக்கு வெளியே வைத்தார்கள். அவர்களைத் தொட்டால் தீட்டு என்றார்கள். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்றார்கள். கோவிலுக்குள் வரக் கூடாது என்றார்கள். வயலில் அவர்கள் விளைவித்த நெல்லுக்குத் தீட்டு இல்லை. அவர்கள் அடித்த பறைக்குத் தீட்டு இல்லை. அவர்களுக்கு மட்டும் தீட்டு!

பெண்களுக்கும் பல தடைகள் இருந்தன. வேதம் படிக்கக் கூடாது. கணவன் இறந்தால் பூவும் பொட்டும் போய்விடும். சில சாதிகளில் தலையை மழித்து மூலையில் உட்கார வைத்தார்கள்.

முன்வினைப் பயனா?

"நீ இந்தச் சாதியில் பிறந்தது உன் முன்வினை. அனுபவித்துத்தான் ஆக வேண்டும்." இப்படிச் சொல்லிப் பல தலைமுறைகளை வாய் திறக்க விடாமல் செய்தார்கள். நம்மில் பலரும் அதை நம்பினோம்.

சற்று யோசித்துப் பாருங்கள். ஒரு குழந்தை கால் தவறிக் கிணற்றில் விழுந்துவிடுகிறது. 'அது அதன் முன்வினை' என்று சொல்லிவிட்டு நாம் நடந்து போவோமா? உடனே குதித்துத் தூக்குவோம். தூக்காமல் போனால் அதுதான் நம் வினையில் சேரும். வினை என்ற நம்பிக்கை, நான் என்ன செய்கிறேன் என்று என்னைக் கேட்டுக்கொள்வதற்காக வந்தது. அடுத்தவன் கழுத்தில் கால் வைப்பதற்காக வந்தது அல்ல.

இதை நாம் புதிதாகச் சொல்லவில்லை. நம் பகுதியின் கோவில் கதைகளே இதைச் சொல்கின்றன. நான்கு கதைகளைப் பார்ப்போம்.

காளத்தி வேடர்

திண்ணன் ஒரு வேடர். காட்டில் பன்றியைத் துரத்திக்கொண்டு காளத்தி மலைக்கு வந்தார். அங்கே சிவலிங்கத்தைப் பார்த்தார். காட்டில் இவர் தனியாக இருக்கிறாரே, பசிக்குமே என்று அவருக்கு மனம் துடித்தது. இறைச்சியைச் சுட்டார். மென்று பார்த்து, நல்ல துண்டாக எடுத்து வைத்தார். இரண்டு கையும் நிறைந்திருந்ததால் தண்ணீரை வாயில் கொண்டுவந்து ஊற்றினார். பூவைத் தன் தலையில் செருகிக்கொண்டு வந்து சாத்தினார்.

அங்கே தினமும் பூசை செய்தவர் சிவகோசரியார். முறைப்படி பூசை செய்யும் நல்லவர். இறைச்சியைப் பார்த்துப் பதறினார். யாரோ அசுத்தம் செய்துவிட்டார்கள் என்று அழுதார். அன்று இரவு சிவன் அவர் கனவில் வந்தார். 'அவனுடைய அன்பை நாளைக்கு மறைந்திருந்து பார்' என்றார்.

ஆறாம் நாள். சிவலிங்கத்தின் ஒரு கண்ணில் இரத்தம் வடிந்தது. திண்ணன் பதறினார். பச்சிலை வைத்தார். நிற்கவில்லை. தன் கண்ணை அம்பால் தோண்டி அப்பினார். இரத்தம் நின்றது. அடுத்த கண்ணில் இரத்தம் வந்தது. இரண்டாவது கண்ணையும் எடுத்துவிட்டால் வைக்கும் இடம் தெரியாதே! அடையாளத்துக்காகத் தன் காலை லிங்கத்தின் கண் மேல் ஊன்றினார். அம்பை எடுத்தார். சிவனே கை நீட்டித் தடுத்தார். அன்றிலிருந்து அவர் கண்ணப்பர்.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணம் இந்தக் கதையை விரிவாகச் சொல்கிறது. 63 நாயன்மார்களில் கண்ணப்பரும் ஒருவர். காளத்தி மலை மேல் அவருக்குக் கோவில் இருக்கிறது. அங்கே மகாசிவராத்திரி விழா தொடங்கும்போது முதல் கொடி கண்ணப்பர் கோவிலில்தான் ஏறுகிறது. சிவன் கோவிலில் அதற்குப் பிறகுதான் ஏறுகிறது.

எச்சில் இறைச்சி தீட்டு ஆகவில்லை. கால் பட்டது தீட்டு ஆகவில்லை. அப்படி இருக்கும்போது மனிதன் நிழல் எப்படித் தீட்டு ஆகும்?

குயவரின் மண் பூ

திருமலையில் சொல்லும் கதை இது. பீமன் என்று ஒரு குயவர். குறும்பறுத்த நம்பி என்றும் அவரைச் சொல்வார்கள். பானை செய்வது அவர் தொழில். கோவிலுக்குப் போக அவருக்கு நேரம் இல்லை. மண்ணால் ஒரு பெருமாளைச் செய்து வைத்தார். கையில் ஒட்டியிருக்கும் மண்ணிலேயே பூச் செய்தார். அதைப் பெருமாளுக்குப் போட்டார்.

அரசர் தொண்டைமான் பெருமாளுக்குத் தினமும் தங்கப் பூ சாத்தினார். மறுநாள் வந்து பார்த்தால், தங்கப் பூவுக்கு மேலே மண் பூ! அரசர் திகைத்தார். இது யார் போட்ட பூ என்று தேடிப் போனார். குயவர் வீட்டைக் கண்டார். அவர் அன்பைப் பார்த்துத் தலை குனிந்தார்.

திருமலைப் பெருமாளுக்கு இன்றும் மண்சட்டியில்தான் தயிர்சாதம் படைக்கிறார்கள். கோடிக்கணக்கில் தங்கம் உள்ள கோவில். ஆனாலும் சட்டி மண்சட்டிதான்!

இரகசியம் இல்லை என்ற ராமானுசர்

ராமானுசர் பிறந்தது ஸ்ரீபெரும்புதூரில், 1017-ஆம் ஆண்டில் என்று சொல்வார்கள். அவருடைய தாய்மாமன் பெரிய திருமலை நம்பி. அவரிடம் ராமானுசர் திருப்பதியில் ஓர் ஆண்டு இராமாயணப் பாடம் கேட்டார்.

ராமானுசர் பிராமணர். ஆனால் காஞ்சிபுரத்தில் பிராமணர் அல்லாத திருக்கச்சி நம்பியைப் பெரியவராக மதித்தார். அவரைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். பிறகு ராமானுசருக்குத் திருக்கோட்டியூரில் ஒரு குரு மந்திரம் சொல்லிக் கொடுத்தார். 'இதை வெளியே சொன்னால் நீ நரகத்துக்குப் போவாய்' என்றார். ராமானுசர் கோவில் மேலே ஏறி நின்று ஊருக்கே கேட்கும்படி அந்த மந்திரத்தைச் சொன்னார். 'நான் ஒருவன் நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லை. இத்தனை பேர் நல்ல கதி அடைவார்களே' என்பது அவர் எண்ணம்.

நல்ல அறிவைப் பூட்டி வைக்கக் கூடாது என்பதே இந்தக் கதையின் பாடம். எழுத்தும் அப்படித்தான். ஒரு காலத்தில் அது சிலருக்கு மட்டும் இருந்தது. இன்று நீங்கள் இதைப் படிக்கிறீர்கள்.

தரிகொண்ட வெங்கமாம்பா

இது ஒரு பெண்ணின் கதை. வெங்கமாம்பா 1730-ஆம் ஆண்டில் பழைய சித்தூர் மாவட்டத்தில் இருந்த தரிகொண்ட என்ற ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே கல்யாணம் செய்து வைத்தார்கள். கணவர் சீக்கிரமே இறந்துவிட்டார். பொட்டையும் பூவையும் எடுக்கச் சொன்னார்கள். வெங்கமாம்பா மறுத்தார். 'வேங்கடாசலபதியே என் கணவர்' என்றார். ஊர் ஏசியது. அவர் அசையவில்லை. திருமலைக்கு வந்து சேர்ந்தார். தெலுங்கில் பல நூல்கள் எழுதினார்.

1817-இல் அவர் மறைந்தார். இன்றும் இரவில் கோவில் நடை சாத்தும் முன் நடக்கும் ஆரத்திக்கு வெங்கமாம்பா ஆரத்தி, முத்தியால ஆரத்தி என்று பெயர். திருமலையில் நாம் உட்கார்ந்து சாப்பிடும் பெரிய அன்னதானக் கூடத்துக்கும் அவர் பெயர்தான். மூலையில் உட்காரச் சொன்ன பெண்ணின் பெயரில் இன்று ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிறது!

கதை மட்டும் போதுமா?

இந்தக் கதைகளைப் பல நூறு ஆண்டுகளாகக் கேட்டோம். கண்ணப்பரைக் கும்பிட்டோம். ஆனால் கண்ணப்பரைப் போன்ற மக்களைக் கோவிலுக்குள் விட்டோமா? விடவில்லை. கதை மட்டும் போதாது என்று இதிலிருந்து தெரிகிறது. அதனால் போராட்டம் வந்தது. சட்டம் வந்தது.

1924-இல் கேரளத்தில் வைக்கம் என்ற ஊரில் போராட்டம் தொடங்கியது. கோவிலைச் சுற்றி உள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக அந்தப் போராட்டம். தமிழ்நாட்டிலிருந்து பெரியார் போய்க் கலந்துகொண்டார். சிறை சென்றார். 1936-இல் திருவிதாங்கூர் அரசர் தம் நாட்டுக் கோவில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டார். 1939-இல் மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை வைத்தியநாத ஐயர் அழைத்துப் போனார்.

1947-இல் சென்னை மாகாணத்தில் கோவில் நுழைவுச் சட்டம் வந்தது. அப்போது சித்தூர் மாவட்டமும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. இந்தச் சட்டத்தால் எல்லாக் கோவில் கதவும் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. இன்று மலையில் நாம் ஒரே வரிசையில் நிற்பது தானாக வந்தது அல்ல. பலர் அடிபட்டு, சிறைப்பட்டு வாங்கிக் கொடுத்தது.

1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-இல் நம் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அந்தச் சட்டத்தை எழுதிய குழுவின் தலைவர் டாக்டர் அம்பேத்கர். அவரும் தீண்டாமைக் கொடுமையை அனுபவித்தவர். 1927-இல் மனு சாத்திரத்தை எரிக்கும் போராட்டம் நடத்தியவர். இந்து சமயத்துக்குள் சமத்துவம் வரும் என்று பல ஆண்டுகள் பாடுபட்டார். வராது என்று முடிவு செய்து 1956-இல் புத்த சமயத்துக்கு மாறினார். லட்சக்கணக்கான மக்கள் அவரோடு மாறினார்கள். கதவை மூடி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை.

பூசை செய்யும் உரிமை பற்றியும் கேள்வி வந்தது. பிறப்பால் பிராமணர் அல்லாதவரும் முறையாகப் பயிற்சி பெற்றால் அர்ச்சகர் ஆகலாம் என்று 2002-இல் கேரளக் கோவில் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021-இல் தமிழ்நாட்டில் பல சாதிகளைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற 24 பேர் அர்ச்சகர் ஆனார்கள். திருமலையில் இன்றும் பரம்பரை அர்ச்சகக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே மூலவருக்குப் பூசை செய்கிறார்கள். இது சரியா, தவறா என்று இன்றும் விவாதம் நடக்கிறது.

2007-இல் திருப்பதி தேவஸ்தானம் 'தலித் கோவிந்தம்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. பெருமாளின் உற்சவச் சிலையைத் தலித் மக்கள் வாழும் பகுதிக்கே கொண்டுபோய்த் திருக்கல்யாணம் நடத்தினார்கள். சாமியைப் பார்க்க மக்கள் மலை ஏறிய காலம் உண்டு. இப்போது மக்களைப் பார்க்கச் சாமி இறங்கி வந்தார். அதைச் சிலர் பாராட்டினார்கள். 'சாமி வந்தது சரி. பக்கத்துத் தெருக்காரர் எங்கள் வீட்டில் சாப்பிட வருவாரா?' என்று வேறு சிலர் கேட்டார்கள். அதுவும் நியாயமான கேள்விதான்.

கங்கம்மா போட்ட வேடம்

கங்கம்மாவைத் திருமலைப் பெருமாளின் தங்கை என்று மக்கள் சொல்கிறார்கள். திருவிழாவுக்கு அண்ணன் வீட்டுச் சீராக மலையிலிருந்து புடவையும் மஞ்சளும் குங்குமமும் வருகின்றன.

முன்பு ஒரு பாளையக்காரன் பெண்களைக் கொடுமை செய்தானாம். கங்கம்மா அவனைத் தேடினாள். அவன் ஒளிந்துகொண்டான். அவனைப் பிடிக்க அவள் பல வேடம் போட்டாள். பைராகி ஆனாள். தெரு கூட்டும் தோட்டி ஆனாள். துரையும் ஆனாள். துரை வேடத்தைப் பார்த்து அவன் வெளியே வந்தான். அவனைக் கொன்றாள்.

இன்றும் மே மாதத்தில் திருப்பதியில் இந்த ஜாத்திரை நடக்கிறது. அந்த வேடங்களைப் போட்டுக்கொண்டு மக்கள் தெருத் தெருவாகப் போகிறார்கள். ஆண்கள் புடவை கட்டிக்கொள்கிறார்கள். தோட்டி வேடமும் அம்மன்தான். துரை வேடமும் அம்மன்தான். இரண்டுக்கும் மக்கள் கும்பிடு போடுகிறார்கள்.

திருவிழா முடிந்த மறுநாள் காலையில் உண்மையான துப்புரவுத் தொழிலாளி நம் தெருவுக்கு வருவார். அவருக்கு எந்த டம்ளரில் தண்ணீர் கொடுப்போம்?

சட்டம் நமக்கு என்ன தருகிறது?

பொதுக் கோவிலுக்குள் போக எல்லா இந்துக்களுக்கும் உரிமை உண்டு. பொதுக் கிணறு, குழாய், டீக்கடை எல்லாம் எல்லா மக்களுக்கும் பொது. சாதியைச் சொல்லி யாரும் தடுக்கக் கூடாது. தடுத்தால் அது குற்றம். இதற்காக 1955-இல் ஒரு சட்டம் வந்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மேல் நடக்கும் கொடுமைகளைத் தடுக்க 1989-இல் இன்னொரு சட்டம் வந்தது. அவர்களைக் கோவிலுக்குள் போகவிடாமல் தடுப்பவருக்கு இந்தச் சட்டத்தில் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

யாராவது தடுத்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். 14566 என்ற அரசு உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லலாம். மனுவை இப்போது நீங்களே எழுதலாம். நாள், இடம், நடந்தது என்ன, பார்த்தவர் யார் என்று எழுதுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

ஆனால் காவலர் எல்லா நாளும் நம் தெருவில் நிற்க முடியாது. தேரின் வடத்தை யார் பிடிப்பது என்பதை ஊரார்தான் கூடி முடிவு செய்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நாம் என்ன பேசப் போகிறோம் என்பதுதான் முக்கியம்.

மலையில் மொட்டை போட்டோம். முடி இறங்கியது. கொஞ்ச நாளில் அது மீண்டும் வளர்ந்துவிடும். மனத்தில் இருக்கும் மேல், கீழ் என்ற எண்ணத்தையும் இறக்க வேண்டும். அது மட்டும் மீண்டும் வளராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போது மலையில் இருக்கும் ஒரே வரிசை நம் ஊருக்கும் வந்து சேரும்.

பேசிப் பார்ப்போம்

1. கடவுளை அடையும் நான்கு வழிகள் எவை? உங்களுக்குப் பிடித்த வழி எது? ஏன்?

2. கண்ணப்பர் செய்த பூசையைச் சிவன் ஏன் ஏற்றுக்கொண்டார்?

3. 'எல்லாம் முன்வினை' என்று யாராவது சொன்னால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

4. உங்கள் ஊர்த் தேர் எந்தத் தெருக்களில் வருகிறது? எந்தத் தெருவில் வருவதில்லை? காரணம் என்ன?

5. அடுத்த திருவிழாவுக்கு முன் ஊர்க் கூட்டம் நடக்கும். அதில் நீங்கள் சொல்ல நினைப்பதை நான்கு வரியில் எழுதிப் பாருங்கள்.